தோர்தோஞ் ஆற்றங்கரையில் நான்கு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் பார்த்தாயிற்று, அடுத்து எங்கே என்று கேட்கிறவர்களிடம் நான் தயங்காமல் சொல்லும் பெயர் தோர்தோஞ். தென்மேற்கு பிரான்ஸில் ஓடும் ஆறு அது. அதன் நடுப்பகுதியில், சார்லா என்ற சிற்றூரை மையமாக வைத்துக்கொண்டால், கோட்டை, குகை, பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கிராமம் எல்லாமே அரை மணி நேரக் கார் பயணத்துக்குள் வந்துவிடும். இரண்டு முறை போய் வந்தேன். அதன் பிறகு நண்பர்களும் உறவினர்களும் போனில் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தோர்தோஞ் என்பது ஆறா, மாவட்டமா?

இரண்டும்தான். ஆறு சுமார் 480 கி.மீ. நீளம். ஓவெர்ன் எரிமலைப் பகுதியில் பூய் த சான்சி என்ற 1,885 மீட்டர் சிகரத்தில் தோர், தோஞ் என்ற இரு ஓடைகள் சேர்ந்து உருவாகிறது. போர்தோ நகருக்கு வடக்கே கரோன் ஆற்றோடு கலந்து ஜிரோந்த் கழிமுகமாகக் கடலுக்குப் போகிறது. தோர், தோஞ் இரண்டும் சேர்ந்து தோர்தோஞ் ஆயிற்று என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோமானியர் காலத்திலேயே இந்த ஆற்றுக்கு துரானியுஸ் என்று பெயர் இருந்திருக்கிறது.

மாவட்டம் 1790-இல் புரட்சி அரசு பிரித்தது. பழைய பெயர் பெரிகோர். உள்ளூர்க்காரர்கள் இன்றும் பெரிகோர் என்றே சொல்கிறார்கள். கடைப்பலகை, உணவுப் பட்டியல் எதிலும் அந்தப் பெயர்தான். அதில் சார்லாவைச் சுற்றிய பகுதி ‘கறுப்பு பெரிகோர்’. அடர்ந்த ஓக் காடுகளால் வந்த பெயர்.

கோட்டை என்றால் லுவார் பள்ளத்தாக்குதானே? ஏன் இங்கே போக வேண்டும்?

லுவாரில் இருப்பவை பெரும்பாலும் அரண்மனைகள். அரசர்களும் பிரபுக்களும் வேட்டைக்கும் விருந்துக்கும் கட்டியவை. தோர்தோஞ் கரையில் இருப்பவை சண்டைக்குக் கட்டியவை. தங்க முலாம் பூசிய கட்டில்களை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். கல்லால் கட்டிய குளிர்ந்த அறைகள், குறுகிய சுழல்படி, அம்பு விடும் சந்து, கீழே எட்டிப் பார்த்தால் ஆறு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள். பாதி விடுமுறை காரிலேயே போய்விடும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, எதிர்ப்பக்கம் ஒரு கோட்டை. எதற்காக?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

1152-இல் அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலியனோர், ஹென்றி பிளான்டஜெனட்டை மணந்தாள். இரண்டு ஆண்டில் அவன் இங்கிலாந்து அரசனானான். பிரான்ஸின் தென்மேற்குப் பகுதி கிட்டத்தட்ட முழுவதும் சீதனம் மாதிரி ஆங்கிலேய அரச குடும்பத்தின் கைக்குப் போனது. அங்கே ஆரம்பித்த பங்காளிச் சண்டை, இடையிடையே ஓய்ந்து, 1337 முதல் 1453 வரை நீண்ட நூற்றாண்டுப் போரில் முற்றியது. அந்தப் போரில் பெரும்பாலான காலம் இந்த வட்டாரத்தில் எல்லைக்கோடு மாதிரி இருந்தது தோர்தோஞ் ஆறுதான்.

வடகரையில் செங்குத்தான பாறை உச்சியில் பேனாக் கோட்டை, பிரெஞ்சு அரசன் பக்கம். தென்கரையில் காஸ்தெல்நோ கோட்டை, அதை ஆண்ட கோமோன் குடும்பம் ஆங்கிலேயர் பக்கம். ஒன்றின் கோபுரத்திலிருந்து பார்த்தால் மற்றொன்று தெளிவாகத் தெரியும். அங்கே அடுப்புப் புகை எழுந்தால் இங்கே தெரிந்திருக்கும். இந்த இரு குடும்பங்களும் அண்டை வீட்டுக்காரர்கள், பகையாளிகள், வரி வசூலில் போட்டியாளர்கள். அரசர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்கள் சொந்தக் கணக்கையும் தீர்த்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காஸ்தெல்நோ பலமுறை கை மாறியது. 1442-இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டுப் பிடித்த பிறகுதான் ஆங்கிலேயர் கதை அங்கே முடிந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 1453 ஜூலை 17 அன்று, இதே ஆற்றில் இன்னும் கீழே காஸ்தியோன் என்ற ஊரில் ஆங்கிலேயத் தளபதி ஜான் டால்பட் பீரங்கிகளின் முன் விழுந்தான். போரே அத்தோடு முடிந்தது. அந்த ஊரின் பெயர் இப்போது காஸ்தியோன்-லா-பத்தாய், அதாவது ‘போர்க்களக் காஸ்தியோன்’.

பேனாக், காஸ்தெல்நோ: ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

குழந்தைகள் இருந்தால் காஸ்தெல்நோ. 1985 முதல் அது இடைக்காலப் போர்க்கலை அருங்காட்சியகம். கொத்தளத்தில் முழு அளவு கல்லெறி பொறிகளை நிறுத்தியிருக்கிறார்கள். கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு அதன் தத்துவம் ஒரு நொடியில் விளங்கும்: நீளமான மரக்கையின் ஒரு முனையில் பல டன் எடைப்பெட்டி, மறுமுனையில் கவண். எடை கீழே இறங்க, கல் மேலே பறக்கும். நூறு கிலோ கல்லை 200 மீட்டர் தூரம் வீசும். ஆனால் மறுபடி தயார் செய்ய நேரம் பிடிக்கும், மணிக்கு ஒன்றிரண்டு வீச்சுதான். அப்படியானால் முற்றுகை என்பது எவ்வளவு மெதுவான, அலுப்பான வேலை என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் அடுத்த கல்லுக்காகக் காத்துக்கொண்டே சமைத்திருப்பார்கள், சாப்பிட்டிருப்பார்கள், தூங்கியிருப்பார்கள்.

கட்டடமும் காட்சியும் வேண்டுமென்றால் பேனாக். ஆற்றங்கரைத் தெருவிலிருந்து கோட்டை வாசல் வரை கல் பாவிய சந்துகளில் ஏறி வாருங்கள். மூச்சு வாங்கும். ஆனால் காரில் பின்பக்கமாக மேலே போய் இறங்கினால் ஊரைப் பார்க்காமலே வந்துவிடுவீர்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் மட்டும் காரில் போகலாம்.

ஆற்றில் படகா, கனூவா?

நீந்தத் தெரிந்தால் கனூ. யோசிக்கவே வேண்டாம்.

கனூ என்பது இரண்டு பேர் துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு. தோம் ஊருக்குக் கீழே செனாக் கரையில் ஏறி பேனாக்கில் இறங்கினால் சுமார் பத்து கிலோமீட்டர். நீரோட்டம் உங்கள் பக்கம் என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிதானமாக முடித்துவிடலாம். முதல் வளைவு தாண்டியதும் வலப்பக்கம் லா ரொக்-கஜாக் கிராமம் மஞ்சள் பாறைச் சுவரோடு வரும். அப்புறம் வலப்பக்கம் மேட்டில் மார்கேசாக் தோட்டம், இடப்பக்கம் காஸ்தெல்நோ. கடைசியில், ஆறு திரும்பும்போது, பேனாக் முழுசாக எதிரே நிற்கும். கோட்டையை எதிரி எப்படிப் பார்த்திருப்பான் என்பது தண்ணீரில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். சாலையிலிருந்து எடுத்த எந்தப் புகைப்படத்திலும் அது வராது.

உயிர்காப்பு உடையும், பொருள் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வாடகைக்காரர்களே தருவார்கள். இறங்கும் இடத்திலிருந்து வேனில் திரும்ப அழைத்து வருவார்கள். சட்டப்படி 25 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். டப்பாவை இறுக்கி மூடுங்கள். நான் படம் எடுக்கும் ஆசையில் போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒரு சரளைத் திட்டில் கனூ தட்டி, குனிந்து தள்ளியபோது போன் போய்விட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான், கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தெளிவு. உடனே எடுத்தும் பலனில்லை.

நீந்தத் தெரியாதவர்களுக்கு லா ரொக்-கஜாக்கிலும் பேனாக்கிலும் கபார் படகு இருக்கிறது. ஒரு மணி நேரச் சவாரி. கபார் என்பது இந்த ஆற்றின் பழைய சரக்குப் படகு. மேல் ஆற்றுக் காடுகளிலிருந்து ஒயின் பீப்பாய்க்கு ஓக் பலகை, திராட்சைக் கொடிக்குச் செஸ்ட்நட் குச்சி ஏற்றிக்கொண்டு வெள்ளம் வந்த நாட்களில் கீழே இறங்குவார்கள். நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப வழியில்லை. அதனால் மேல் ஆற்றிலிருந்து வந்த படகைப் போய்ச் சேர்ந்த இடத்திலேயே உடைத்து மரமாக விற்றுவிட்டு, படகோட்டிகள் ஊருக்கு நடந்தே போவார்கள். ரயில் வந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தது. இப்போதைய கபார்களில் மோட்டார் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள்தான் சரக்கு.

லா ரொக்-கஜாக்கில் பாறை வீட்டின் மேல் விழாதா?

விழுந்திருக்கிறது. 1957 ஜனவரி 17 அன்று பாறையின் ஒரு பெரிய பகுதி பெயர்ந்து வீடுகள் மேல் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேலே பாறை, கீழே வெள்ளம், இரண்டுக்கும் நடுவே ஒரே வரிசை வீடுகள். தண்ணீர் எந்த ஆண்டு எவ்வளவு ஏறியது என்று சுவரில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். சில கோடுகளைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டியிருக்கும்.

பாறை தெற்கு பார்த்து இருப்பதால் நாளெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் அங்கே ஒரு சின்ன வெப்பமண்டலத் தோட்டம்: பனை வகை மரங்கள், மூங்கில், வாழை. பிரான்ஸ் கிராமத்தில் வாழை மரத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும்தான்.

தோம் மலை ஏறிப் போக வேண்டுமா?

வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன்னால். ஆற்றின் மேல் பனிமூட்டம் பஞ்சு மாதிரி கிடந்து, மெல்லக் கலையும்போது வயல்களும் வால்நட் தோப்புகளும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

தோம் என்பது பாஸ்தீத். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இரு தரப்பும் கட்டங்கட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய புதிய ஊர்களுக்கு அந்தப் பெயர். தோமை 1281-இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப் நிறுவினான். நாற்பது ஐம்பது கி.மீ. தள்ளி, மோன்பாசியே என்ற ஊரை இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் நிறுவினான். கட்டங்கட்டமான தெரு ஒழுங்கைப் பார்க்க மோன்பாசியே, காட்சிக்குத் தோம்.

தோமில் பலர் தவறவிடுவது கிழக்கு வாசல் கோபுரம். 1307-இல் டெம்ப்ளர் வீரத்துறவிகளைப் பிரெஞ்சு அரசன் கைது செய்தபோது சிலரை இங்கே அடைத்துவைத்தார்கள். சிலுவை, மனித உருவம் என்று அவர்கள் சுவரில் கீறியவை இன்னும் இருக்கின்றன. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், முன்பே கேட்டு வையுங்கள்.

லாஸ்கோவில் அசல் குகையையா பார்க்கிறோம்?

இல்லை. இதைத் தெரியாமல் போய் அங்கே முகம் வாடுகிறவர்கள் நிறைய.

1940 செப்டம்பர் 12 அன்று மோந்தின்யாக் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் அசல் குகைக்குள் இறங்கினார்கள். 17,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓவியங்கள். குதிரை, காட்டெருது, மான், ஐந்து மீட்டருக்கும் நீளமான ஒரு காளை. 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அத்தனை பேர் மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும், விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர ஆரம்பித்தது. பல ஆயிரம் ஆண்டுகள் தாங்கியது பதினைந்தே ஆண்டில் கெட்டுப்போகும் நிலை. 1963-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். இன்றும் மூடியே இருக்கிறது.

நீங்கள் பார்ப்பது 2016-இல் திறந்த முழு நகல். ‘லாஸ்கோ 4’ என்பார்கள். நகல்தானே என்று ஒதுக்காதீர்கள். பாறையின் மேடு பள்ளம், குளிர், மங்கிய வெளிச்சம் எல்லாம் அப்படியே. ஒரு விஷயம் கவனியுங்கள்: அந்த மக்கள் பெரும்பாலும் சாப்பிட்டது ரெயின்டீர் எனும் பனிநாட்டுக் கலைமான், ஆனால் சுவரில் கலைமான் ஒன்றே ஒன்றுதான். சமையலறைக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அசல்தான் வேண்டும் என்பவர்களுக்கு லெ-ஸேஸி ஊரில் ஃபோன்-த-கோம் குகை. வண்ண ஓவியங்களோடு பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அரிய குகை. நாளுக்கு நூறு பேருக்குள்தான் விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் நடக்காது. வழிகாட்டி டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துவார். வெறும் பாறைப் புடைப்பாகத் தெரிந்தது காட்டெருதின் தோளாக மாறும். இன்னோரிடத்தில் ஒரு கலைமான் குனிந்து எதிரே இருப்பதன் நெற்றியை நக்குகிறது. வரைந்தவர் அதை எங்கோ நின்று பார்த்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் என்றால் அது இதுதான்.

நடக்க முடியாதவர்களுக்கு ரூஃபிஞ்ஞாக் குகை. உள்ளே சிறிய மின்சார ரயில், சுவரெல்லாம் மாமூத் யானைகள். குகைகள் எதுவானாலும் ஸ்வெட்டர் கொண்டு போங்கள், உள்ளே 13 டிகிரி இருக்கும்.

எங்கே தங்குவது? சார்லா நல்லதா?

முதல்முறை என்றால் சார்லா. தேன் நிறக் கல் வீடுகள், தட்டைக் கற்களை அடுக்கிய செங்குத்துக் கூரைகள். அந்தக் கூரை சதுர மீட்டருக்கு அரை டன் எடை வரும், அதைத் தாங்கத்தான் அவ்வளவு தடித்த சுவர். ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்த ஊர். 1962-இல் அதே மால்ரோ கொண்டுவந்த பழைய நகரப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. கட்டடக் கலைஞர் ஜான் நூவேல் இங்கே வளர்ந்தவர். பழைய செயின்ட் மேரி தேவாலயத்தைச் சந்தையாக மாற்றி, அதற்கு ஆளை மிரட்டும் உயரத்தில் எஃகுக் கதவு போட்டிருக்கிறார். சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது.

தெருச்சந்தை புதன், சனி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிறகு காரோடு ஊருக்குள் நுழைய முயற்சி செய்யாதீர்கள்.

மிலாந்த் கோட்டையில் என்ன விசேஷம்?

ஜோசஃபின் பேக்கர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1906-இல் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸ் மேடைகளில் நடனத்தால் புகழ்பெற்றவர். 1489-இல் கட்டிய இந்த மாளிகையை 1937-இல் வாடகைக்கு எடுத்து, 1947-இல் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தினருக்கு இங்கே இடம் கொடுத்தார். பிறகு பல நாடுகளிலிருந்து 12 குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். பெரிய மனசு, மோசமான கணக்கு. கடன் முற்றி 1969-இல் வெளியேற்றினார்கள். போக மறுத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறைப் படியில் மழையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் புகைப்படம் உள்ளே இருக்கிறது. மேடை உடைகள் வைத்திருக்கும் அறைகளைத் தாண்டி அந்தப் படத்தின் முன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

2021 நவம்பர் 30 அன்று, நாட்டின் பெருமைக்குரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். உடல் மொனாக்கோவிலேயே இருக்கிறது. பாந்தியோன் பெட்டியில் வைத்தது மண். அதில் ஒரு பிடி மிலாந்திலிருந்து போனது.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் எச்சரிக்கை வேண்டும். இது வாத்து நாடு. உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று ‘பொம் சார்லதேஸ்’ வாங்குவீர்கள். பூண்டும் பார்ஸ்லியும் போட்டு மொறுமொறுவென்று வரும். வறுத்தது வாத்துக் கொழுப்பில். சாலட் பாதுகாப்பானது என்று நினைத்து ‘சாலட் பெரிகூர்தின்’ கேட்டேன். இலைகளுக்கு அடியில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள். என்னோடு வந்த அத்தை அன்று முழுவதும் ரொட்டியும் ஸ்ட்ராபெரியும் சாப்பிட்டார்.

சந்தையில் பிழைத்துக்கொள்ளலாம்: கபேகூ என்ற வட்டமான சின்ன ஆட்டுப்பால் சீஸ், வால்நட் ரொட்டி, கோடையில் தக்காளி, பழம். சமையலறையோடு கூடிய வீடு எடுப்பது இன்னும் நல்லது. பாரிஸ் வழியாக வருபவர்கள் லா ஷப்பேலில் நம் கடைகளில் அரிசி, பருப்பு, பொடிகள் வாங்கிக்கொண்டு ரயில் ஏறலாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வேறு பிரச்சினை: மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் சமையல். இரண்டேகாலுக்குப் போனால் காப்பிதான்.

எந்த மாதம்?

மே, ஜூன், செப்டம்பர். அக்டோபரில் வால்நட் அறுவடை, மரங்கள் நிறம் மாறும், அதுவும் அழகு. ஜூலை, ஆகஸ்டில் பேனாக்கின் ஒற்றை ஆற்றோரச் சாலையில் கார்கள் நகராது. ஆனால் அந்த இரு மாதங்களில் மட்டும் மார்கேசாக் தோட்டத்தை வியாழன் இரவுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திறப்பார்கள். 1,50,000 பாக்ஸ்வுட் செடிகளைக் கையாலேயே உருண்டை உருண்டையாக வெட்டி வைத்திருக்கும் தோட்டம் அது. குளிர்காலத்தில் படகுகள் ஓடாது, பாதி உணவகங்கள் பூட்டிக் கிடக்கும்.

கார் இல்லாமல் முடியுமா?

சார்லா வரை முடியும். பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அந்த இரண்டாவது ரயில் திராட்சைத் தோட்டங்களையும் ஆற்றையும் மாறி மாறிக் காட்டும், ஜன்னல் சீட் பிடியுங்கள். சார்லாவிலிருந்து கிராமங்களுக்குப் பேருந்தை நம்பவே முடியாது. கார் எடுப்பதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கொண்டு போங்கள், ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமானால் முன்பே கேளுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடு. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும், அவர் டிராக்டரில் வந்தாலும்.

விசா?

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா. 180 நாளில் 90 நாள் வரை. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

வாங்கி வர என்ன இருக்கிறது?

வால்நட் எண்ணெய். செக்கில் ஆட்டுவதற்கு முன் பருப்பை அரைத்து இரும்புச் சட்டியில் லேசாக வறுப்பார்கள், அந்த வாசனை தெருமுனை வரை வரும். தாளிக்கப் பயன்படுத்தாதீர்கள், சூட்டில் கசந்துவிடும். சுட்ட கத்தரிக்காயின் மேல் அரைக் கரண்டி ஊற்றிப் பாருங்கள். தகரப் புட்டியில் வாங்கி, துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், திறந்தால் இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் புட்டியைச் சமையல் மேடையிலேயே வைத்து வீணாக்கினோம்.